வரிக் கணக்கை யார் எழுதுவது?

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது நம் நாட்டுப் பழமொழி. கடனைக் குறித்து எழுந்த அச்சொல் இந்நாளில் வரிக்கும் பொருந்துவதாயிற்று. சின்னாளபட்டியில் சில தறிகளை வைத்துச் சேலை நெய்வித்து விற்பவரும், நிலக்கோட்டையில் பூக்கடை நடத்துபவரும், தோட்டத்து விளைவை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பிவிட்டு ஊரில் உரக்கடையும் வைத்திருப்பவரும் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "வரிக் கணக்கை நாமே எழுதி அனுப்பிவிடலாமா? அல்லது ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லதா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் விடைக்கு அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. கணக்கு வைப்பது வேறு. வரிப் படிவத்தை நிரப்புவது வேறு. படிவம் நிரப்பும் வேலையைக் கூலிக்கு ஒருவரிடம் விடலாம். அன்றாட வரவு செலவை எழுதும் வேலையை அவ்வாறு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இதனை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

நெசவாளருக்கு இது புதிதாகத் தோன்றுவது ஏன்?

சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மளிகை, எண்ணெய், இரும்பு வியாபாரிகள் அன்று முதலே வரிக் கணக்கோடு பழகி வந்தனர். துணியின் வரலாறு வேறு. 1957ஆம் ஆண்டில் துணி, சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்று பொருள்களுக்கும் விற்பனை வரிக்கு ஈடாகக் கூடுதல் ஆயத்தீர்வை விதிக்கும் ஏற்பாட்டை மத்திய அரசாங்கமும் மாநிலங்களும் செய்துகொண்டன. ஆதலால் ஜவுளித் தொழில் நீண்டகாலம் விற்பனை வரிப் பதிவேடுகளுக்குப் பெரும்பாலும் புறத்தே நின்றது. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதுதான் நூல் முதல் சேலை வரை யாவும் ஒரே வரி வலைக்குள் வந்தன. மளிகைக்காரர் மூன்று தலைமுறையில் கற்றதை நெய்விப்பவர் சில மாதங்களில் கற்க நேர்ந்தது. அச்சத்தினால் பலர் பில்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு வரி அலுவல் பார்ப்பவரிடம் கொடுத்துவிடும் பழக்கத்தை மேற்கொண்டனர். அந்தப் பைப் பழக்கமே இன்று நம் அங்கத்தினரில் பலருக்கு நட்டத்தை விளைவிக்கின்றது.

ஆடிட்டர் என்பவர் யார்?

நம் ஊரில் வரி அலுவல் பார்க்கும் யாவரையும் ஆடிட்டர் என்றே அழைக்கிறோம். ஆனால் அவர்கள் மூவகையினர். முதலாமவர் பட்டயக் கணக்காளர். இவர்கள் 1949ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த கழகத்தின் உறுப்பினர். வருமான வரிச் சட்டம் கோரும் தணிக்கை அறிக்கையில் ஒப்பமிட இவர்களுக்கே அதிகாரம் உண்டு. இரண்டாமவர் வரி ஆலோசகர். சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற பயிற்சியாளர்களும் இவ்வகையினரே. நம் சார்பில் படிவங்களைத் தாக்கல் செய்ய இவர்களால் இயலும். மூன்றாமவர் கணினி வைத்துப் படிவம் நிரப்பித் தருபவர். மூவரும் பயனுள்ளவர்களே. ஆனால் மூன்றாமவரிடம் போய் முதலாமவரின் வேலையை எதிர்பார்ப்பது தவறு. மூன்றாமவரின் வேலைக்கு முதலாமவரின் கட்டணத்தைக் கொடுப்பதும் வீண். ஆகவே நம் தொழிலுக்கு எந்த வேலை தேவை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தாமே செய்யத்தக்கவை

வேளாண்மை மட்டுமே செய்யும் அங்கத்தினரின் நிலை எளிது. தன் நிலத்தில் பயிரிட்டு விற்ற வருமானத்திற்கு மத்திய வருமான வரி இல்லை. தான் விளைவித்ததை விற்கும் அளவில் விவசாயி சரக்கு, சேவை வரிப் பதிவு பெறவும் வேண்டுவதில்லை. வேடசந்தூர்ப் பக்கத்தில் புகையிலை பயிரிடுவோர், பதிவு பெற்ற வியாபாரிக்கு இலையை விற்கும்போது வரியைச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவரையே சாரும். எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பால்மாடு, கோழிப்பண்ணை ஆகியவற்றின் வருமானம் வேளாண் வருமானம் ஆகாது. நாற்றங்காலில் வளர்த்து விற்கும் கன்றுகளின் வருமானம் வேளாண் வருமானமாகவே கொள்ளப்படும். இந்த வேறுபாட்டை அறிந்து இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்தால் போதும்.

சிறு தொழில் செய்வோருக்கு உத்தேச வருமான முறை என்ற ஏற்பாடு உள்ளது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இது 44ஏடி பிரிவாக இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் செயற்படும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இதனைத் தொடர்கின்றது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மிகாதவர் இதனை மேற்கொள்ளலாம். ரொக்கமாக வரும் தொகை நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாதாயின் அவ்வரம்பு 3 கோடி. வங்கி வழியாக வந்த விற்பனையில் நூற்றுக்கு 6, ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8 இலாபம் என்று கொள்ளப்படும். உண்மையில் அதற்கு மேல் ஈட்டியிருந்தால் அதனைக் காட்டுவதே முறை.

ஓர் உதாரணத்தைக் காண்போம். சேலை நெய்வித்து விற்கும் அங்கத்தினர் ஒருவர் 2025-26 நிதியாண்டில் 50 இலட்சம் ரூபாய்க்கு விற்றார் எனக் கொள்வோம். அதில் 30 இலட்சம் வங்கி வழியாகவும் 20 இலட்சம் ரொக்கமாகவும் வந்தது. முன்னதில் நூற்றுக்கு 6 வீதம் 1,80,000 ரூபாய். பின்னதில் நூற்றுக்கு 8 வீதம் 1,60,000 ரூபாய். ஆக 3,40,000 ரூபாய் வருமானம். அவ்வாண்டுக்குரிய புதிய வரிமுறையில் முதல் 4 இலட்சத்திற்கு வரியில்லை. 12 இலட்சம் வரையில் சாதாரண வருமானம் உடையவருக்குத் தள்ளுபடியினால் வரி இல்லாமற் போகின்றது. இவர் கட்ட வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை. அந்த 50 இலட்சம் முழுவதும் வங்கி வழியே வந்திருந்தால் வருமானம் 3 இலட்சமாகவே குறைந்திருக்கும் என்பதையும் நோக்குக. இத்தகையவர் "சுகம்" எனப்படும் நான்காம் எண் படிவத்தைத் தாமே நிரப்புவது கடினமன்று. வரி கட்ட நேர்ந்தாலும் முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகச் செலுத்திவிடலாம்.

நம் பக்கத்து அங்கத்தினர் பலர் தவறும் இடம் ஒன்று இங்கே உண்டு. தறியும் வைத்திருப்பார், தோட்டமும் வைத்திருப்பார். 2025-26 மதிப்பீட்டு ஆண்டின் விதிப்படி, வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டவர் சுகம் படிவத்தைப் பயன்படுத்தலாகாது. மூன்றாம் எண் படிவத்தையே அனுப்ப வேண்டும். மேலும், வரி விதிக்கத்தக்க பிற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் வேளாண் வருமானமும் விகிதம் கணக்கிடுவதற்காகச் சேர்க்கப்படும். வரியில்லாத வருமானந்தானே என்று அதனைக் காட்டாமல் விடுவது பிழை.

சரக்கு, சேவை வரி: கணக்குப் போட்டுத் தேர்க

பொருள்களை மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு 40 இலட்சம் ரூபாய். மேற்கூறிய அங்கத்தினர் 50 இலட்சத்திற்கு விற்றதால் பதிவு பெற்றாக வேண்டும். அவர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று பொதுமுறை, மற்றொன்று 1.5 கோடி வரை விற்பனையுள்ளவர்க்கான இணக்க வரி முறை. இரண்டாவதில் விற்பனையில் நூற்றுக்கு 1 மட்டும் கட்டினால் போதும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை கட்டி ஆண்டுக்கு ஒரு கணக்குக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது. நூலுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் இயலாது. வெளி மாநிலத்திற்குச் சரக்கு விற்கவும் கூடாது.

இவ்விரண்டில் எது இலாபம்? 50 இலட்சம் விற்பனைக்கு 30 இலட்சம் ரூபாய்க்கு நூல் வாங்கினார் எனக் கொள்வோம். பருத்தி நூலுக்கும் துணிக்கும் வரி நூற்றுக்கு 5; 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலுக்கும் 12 என்பது 5 ஆகக் குறைந்தது. நூலுக்குக் கொடுத்த வரி 1,50,000 ரூபாய். பொதுமுறையில் சேலை வாங்குவோரிடம் 2,50,000 ரூபாய் வரி வசூலித்து, நூல் வரியைக் கழித்து, 1,00,000 ரூபாயை அரசாங்கத்திற்குச் செலுத்துவார். இணக்க முறையில் நூல் வரி 1,50,000 அவர் தலையில் நிற்கும், அதன்மேல் 50,000 ரூபாய் கட்டுவார், ஆக 2,00,000.

வீட்டுக்காரருக்கு நேரே விற்பவராயின் மொத்த வரிச்சுமை இணக்க முறையில் 50,000 ரூபாய் குறைகின்றது. ஆனால் மதுரையிலோ கோயமுத்தூரிலோ உள்ள பதிவு பெற்ற ஜவுளிக்கடைக்கு விற்பவராயின் கதை மாறுகின்றது. பொதுமுறையில் கடைக்காரர் கொடுத்த 2,50,000 ரூபாயும் அவருக்கு வரவாகத் திரும்பிவிடும். இணக்க முறையிலோ 2,00,000 ரூபாய் விலையிலேயே தங்கிவிடும். கடைக்காரர் அடுத்த முறை வேறிடத்தில் சரக்கு வாங்குவார். இத்தேர்வைச் செய்ய வேண்டியவர் தம் சேலை யாரிடம் போகிறதென்று அறிந்த நெய்விப்பவரே. ஆடிட்டர் எவ்வளவு கற்றவராயினும் அதனை நாம் சொல்லாமல் அவரால் அறிய இயலாது.

தேர்ந்த பின் கணக்கைத் தவறாமல் அனுப்புதல் முக்கியம். விற்பனையே நடவாத காலத்திற்கும் பொதுமுறையில் இன்மைக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதனைக் கைபேசிக் குறுஞ்செய்தி மூலமே அனுப்பும் வசதி 2020 முதல் உண்டு. கொடுக்கத் தவறினால் ஒரு நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனை உள்ள கணக்காயின் நாளொன்றுக்கு 50 ரூபாய். மாதக் கணக்கைத் தொடர்ந்து 6 மாதம் கொடாதவரின் பதிவை ரத்துச் செய்யவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

வல்லுநர் வேண்டும் இடங்கள்

எல்லாவற்றையும் தாமே செய்துவிடலாம் என்று துணிவதும் பேதைமையே. கீழ்க்கண்ட நிலைகளில் கட்டணம் கொடுத்துத் தகுதியுள்ளவரை அமர்த்துவதே சிக்கனம்.

முதலாவது, சட்டமே தணிக்கை கேட்கும் நிலை. உத்தேச முறையில் சேராத தொழிலின் விற்பனை 1 கோடியைத் தாண்டினால், ரொக்க வரவும் ரொக்கச் செலவும் நூற்றுக்கு 5க்குள் அடங்கியிருந்தாலன்றி, பட்டயக் கணக்காளரின் தணிக்கை கட்டாயம்.

இரண்டாவது, கமிஷன் மண்டி நடத்துபவர். தரகு, கமிஷன், ஏஜென்சி வருமானம் உத்தேச முறைக்குப் புறம்பானது. சந்தையில் பிறர் சரக்கை விற்றுத் தருபவர் முறையான கணக்கேடுகளோடு நிற்க வேண்டியவர்.

மூன்றாவது, நட்டம் வந்த ஆண்டு. உத்தேச முறையில் ஒருமுறை சேர்ந்தவர், அடுத்த ஐந்து ஆண்டுகளுள் இலாபம் 6 அல்லது 8 பங்குக்குக் குறைவு என்று காட்டினால், அதன்பின் ஐந்து ஆண்டுகள் அம்முறைக்குத் திரும்ப முடியாது. வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டுமாயின் கணக்கேடும் தணிக்கையும் வேண்டும். நூல் விலை ஏறி, சேலை தேங்கிய ஓராண்டில் எடுக்கும் முடிவு ஆறாண்டுக் காலம் தொடரும். அதனைத் தனியே எடுக்கலாகாது.

நான்காவது, நில விற்பனை. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகரத்தின் எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்திற்குள் இருந்தால் அச்சலுகை இல்லை. மக்கள் தொகை 1 இலட்சத்திற்கு மேல் 10 இலட்சம் வரையுள்ள நகரங்களுக்கு அத்தூரம் வான்வழியாக 6 கிலோமீட்டர். திண்டுக்கல் நகரின் தொகை 2011 கணக்கெடுப்பில் 2 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே மாநகராட்சி எல்லையை அடுத்த தோட்டத்தை விற்பவர், பத்திரம் எழுதுமுன்பே வல்லுநரைக் காண வேண்டும். எழுதிய பின் கண்டு பயனில்லை.

ஐந்தாவது, துறையிலிருந்து அறிவிப்பு வந்த நிலை. பதிலின் ஒவ்வொரு சொல்லும் பின்னாளில் சாட்சியாகும்.

ஒப்படைத்த பின்னும் பொறுப்பு நம்முடையதே

ஆடிட்டரை அமர்த்தியவர் சட்டத்தின் முன் விடுபட்டவர் அல்லர். படிவத்தில் உறுதிமொழி அளிப்பவர் நாமே. தவறு நேர்ந்தால் வரியும் வட்டியும் அபராதமும் நம் பெயரிலேயே வரும். ஆதலின் சில முன்னெச்சரிக்கைகளை விடாது கைக்கொள்ள வேண்டும்.

இணையதளப் பதிவில் நம் கைபேசி எண்ணும் நம் மின்னஞ்சல் முகவரியுமே இருத்தல் வேண்டும். பலர் வசதிக்காக ஆடிட்டரின் எண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். இக்காலத்தில் அறிவிப்புகள் பெரும்பாலும் தபாலில் வருவதில்லை, இணையத்திலேயே வருகின்றன. எண் அவருடையதாயின் அறிவிப்பு வந்ததே நமக்குத் தெரியாது. பதில் சொல்லும் கெடு கடந்துவிடும். அவரைவிட்டு வேறொருவரிடம் செல்ல விரும்பினாலும் கடவுச்சொல் அவர் கையில் இருக்கும்.

தாக்கல் செய்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வருமான வரிப் படிவம் அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. ஆதார் மூலமாகவோ பிற வழியிலோ அதனைச் சரிபார்க்காவிடின் தாக்கலே முறையாகாது. துறையிடம் நம்மைப் பற்றியுள்ள விவரங்களை ஆண்டுத் தகவல் அறிக்கையில் காணலாம். வங்கி வட்டி, பிடித்தம் செய்த வரி முதலியன நம் கணக்கோடு ஒத்துள்ளனவா என்று பார்த்த பின்பே ஒப்புதல் கொடுக்க வேண்டும். நூல் வியாபாரி தம் கணக்கில் நம் பில்லைக் காட்டினாரா என்பதையும் பார்க்க வேண்டும். அவர் காட்டாவிடில் நமக்குரிய வரி வரவு நின்றுவிடும். கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வேலைகள் அடங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவதும் நன்று.

இவை யாவற்றிற்கும் மூலம் சிட்டையும் பேரேடும். அன்றன்று வந்ததையும் சென்றதையும் அன்றன்றே எழுதுக. நூல் பில், சாயப் பில், கூலிச் சீட்டு, மண்டிப் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வாரியாகக் கோத்து வைக்க. வீட்டுச் செலவையும் தொழிற் செலவையும் கலவாமல் தொழிலுக்கென வங்கிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்க. சரக்கு, சேவை வரிக் கணக்குகளை ஆண்டுக் கணக்கின் கெடு நாளிலிருந்து 72 மாதம் காத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். இவ்வாறு எழுதி வைத்தவருக்குப் படிவம் நிரப்புதல் ஒரு பிற்பகல் வேலை. எழுதாதவருக்கோ ஆடிட்டரும் ஊகத்தைத்தான் எழுதித் தருவார். ஊகத்திற்கும் கட்டணம் உண்டு.

சங்கம் செய்யத்தக்கது

தனி அங்கத்தினருக்குச் சொன்னது சங்கத்திற்கும் பொருந்தும். குடிசைத் தொழில் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் இலாபத்திற்கும், அங்கத்தினர் விளைவித்த பொருளை விற்றுத் தரும் சங்கத்தின் இலாபத்திற்கும் முழுக் கழிவு தரும் சலுகை வருமான வரிச் சட்டத்தில் உண்டு. ஆனால் 2018-19 மதிப்பீட்டு ஆண்டு முதல், உரிய கெடுவுக்குள் படிவம் அனுப்பிய சங்கத்திற்கே அக்கழிவு என்று நிபந்தனை ஏற்பட்டது. அதாவது, ஒரு ரூபாயும் வரி கட்ட வேண்டாத சங்கம் ஒன்று, படிவம் தாமதமான ஒரே காரணத்தால் இலாபம் முழுவதற்கும் வரி கட்ட நேரலாம். அத்தொகை அங்கத்தினரின் பங்காதாயத்திலிருந்தும் போனஸிலிருந்துமே போகும். ஆகவே பொதுக்குழுவில் ஒவ்வோர் அங்கத்தினரும் "நம் சங்கத்தின் வருமான வரிப் படிவம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது? ஒப்புகைச் சீட்டு எங்கே?" என்று கேட்க உரிமையும் கடமையும் உடையவர்.

மற்றொரு பணியும் சங்கத்திற்கு உண்டு. தனித்தனியே ஐம்பது பேர் ஐம்பது இடங்களில் கட்டணம் கொடுப்பதைவிட, சங்கம் பொதுவில் தகுதியுள்ள ஒருவரைப் பேசி அமர்த்தி, மாதம் ஒருநாள் சங்க அலுவலகத்தில் அங்கத்தினரின் ஐயங்களைத் தீர்க்கச் செய்தால் செலவும் குறையும், ஏமாற்றமும் குறையும். படித்த இளைஞர், பெண்மணிகள் சிலருக்குக் கணக்கெழுதப் பயிற்சி அளித்தால், எளிய கணக்குகளைச் சங்கத்திலேயே முடித்துக்கொண்டு, கடினமானவற்றை மட்டும் பட்டயக் கணக்காளரிடம் கொண்டு செல்லலாம். தனியொருவரால் பெற முடியாத கடனைப் பலர் சேர்ந்து பெறும்பொருட்டே 1904ஆம் ஆண்டில் திரூரில் இம்மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. கடனுக்குக் கைகூடிய ஒற்றுமை கணக்கறிவுக்குக் கைகூடாதிருக்கக் காரணம் இல்லை.

ஆகவே அங்கத்தினர்களே, எளிய கணக்கைத் தாமே எழுதுக. சிக்கலான கணக்குக்கு அறிந்தவரை அமர்த்துக. எவ்வழியிற் சென்றாலும் சிட்டை நம் வீட்டில் இருக்கட்டும். கைபேசி எண் நம்முடையதாக இருக்கட்டும். படித்துப் பார்த்த பின்பே ஒப்புதல் அளிப்போமாக. இந்த மாதத்து வரவு செலவை இன்றே எழுதத் தொடங்குதல் நலம்.